நாற்பதுக்கு ஒரு விக்கல்

போன சீசனில் களவுபோன ஜெனரேட்டரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்: "என் பூட்டு உடையலையே!"

அது உண்மைதான். பூட்டு உடையவே இல்லை. திருடன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜெனரேட்டரின் கைப்பிடியில் சங்கிலியைக் கோத்திருப்பதைப் பார்த்தான்; ஸ்பேனரை எடுத்தான்; கைப்பிடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றினான்; மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டான். காலையில் எல்லோரும் போய்ப் பார்த்தபோது மரத்தைச் சுற்றிச் சங்கிலி, சங்கிலியில் தனியாக ஒரு கைப்பிடி, அதன்மேல் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது அண்ணன் கடைப் பூட்டு.

"பாத்தியா? ஒரு கீறல்கூட இல்லை."

"பூட்டைக் காப்பாத்தவா அண்ணா நான் பூட்டு போட்டேன்?" என்றாள் தங்கை.

தெருவில் அவளுக்குக் கூடாரக்கா என்று பெயர். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி என்று முகாம் போடப் போகிறவர்களுக்கு வேண்டிய அத்தனையையும் வாடகைக்கு விடுகிறாள். பக்கத்திலேயே அண்ணனின் பூட்டுக்கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் "ஜலதோஷமா?" என்பார். கட்டடம் அண்ணனுடையது. கூடாரக் கடையில் பாதியும் அவருடையது. அதனால்தான் போன சீசன் முடிந்த கையோடு அவர் ஒரு தீர்ப்பைச் சொல்ல முடிந்தது.

"இன்னும் ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா இந்தத் தடுப்பை எடுத்துருவேன். கூடாரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ என் கடையில உக்காந்து சாவி வெட்டு. நிழலு, ஃபேன், கௌரவமான வேலை."

சாவி வெட்டும் மெஷின் கிர்ர்ரென்று கத்தும்போதெல்லாம் கூடாரக்காவுக்குப் பல் கூசும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் மொட்டைமாடி முழுக்கக் கூடாரங்களை விரித்துக் காயப்போடும்போது வரும் அந்தப் புல் வாசனையை எங்கே போய்த் தேடுவது? வாடகைக்கு எடுத்துப்போனவர்கள் காலில் மணலும் வாயில் கதையுமாகத் திரும்பி வருவார்களே, "அக்கா, ராத்திரி மழை! ஒரு சொட்டு உள்ள வரலை!" என்பார்களே, அதை எந்தச் சாவி வந்து சொல்லும்?

ஆகவே இந்த சீசனில் கூடாரக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

முதலில் நாற்காலிகளுக்கும் ஐஸ் பெட்டிகளுக்கும் ஊதாவும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்தாள். பார்க்கிறவனுக்குத் தலை சுற்ற வேண்டும். திருடிக்கொண்டு போனாலும் எவனும் வாங்கக் கூடாது. ஒவ்வொரு கூடாரத்தின் உள்தையலிலும் கடையின் போன் நம்பரை ஊசிநூலால் தைத்தாள். விலை கூடிய விளக்குகளையும் அடுப்புகளையும் ஒரு பழைய பெட்டியில் அடுக்கி, வெளியே கொட்டை எழுத்தில் 'தூண்டில் புழு, உயிரோடு இருக்கிறது, குலுக்காதீர்' என்று எழுதி ஒட்டினாள். அந்தப் பெட்டியை எங்கே வைத்தாலும் ஜனங்கள் இரண்டடி தள்ளியே உட்கார்ந்தார்கள்.

மிச்சம் இருந்தது ஜெனரேட்டர். களவுபோனதற்குப் பதிலாக வாங்கியது. இரண்டு சக்கரம் வைத்தது, யாரோ பயன்படுத்தி விற்றது. அதற்கும் பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது அண்ணன் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார்.

"அதுல கைய வெச்சே, அப்புறம் நடக்கறதே வேற! பளபளன்னு இருக்கு. இதைப் போய் கோமாளி ஆக்கப் பாக்கறே!"

"நம்பராவது செதுக்கிக்கறேன் அண்ணா. அடியில, யாருக்கும் தெரியாத இடத்துல."

"கீறலும் கூடாது. இந்தத் தடவை கைப்பிடியில கோக்க மாட்டேன். சட்டத்துலயே கோத்து என் பெரிய பூட்டைப் போடறேன். என் பூட்டு இருக்கும்போது நம்பர் எதுக்கு?"

பாதி முதலாளி பேச்சைத் தட்ட முடியவில்லை. ஆனால் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்த அன்றே கூடாரக்காவுக்கு வேறொரு காவல் கிடைத்துவிட்டது.

அதற்கு விக்கல் இருந்தது. டபடபவென்று சீராக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று 'க்குக்' என்று ஒரு தடவை விக்கும். மறுபடி ஒன்றும் நடக்காததுபோல ஓடும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு ஒரு விக்கல். மூன்று வாரம் கேட்டதில் அது அவள் காதோடு ஒட்டிப்போனது. பாத்திரம் கழுவினாலும், கிழிந்த கூடாரத்தைத் தைத்தாலும், யாரோடு பேசினாலும், காது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். விக்கல் வந்தால் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் கணவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் இன்ஜின் மெக்கானிக். தெருவில் போகிற வண்டி லேசாக இருமினால்கூட ஓடிப்போய் நிறுத்திக் காரணம் கேட்கிற ஜாதி.

"அரை மணி நேரம் குடும்மா, சரி பண்ணிடறேன். கார்புரேட்டர்லதான் ஏதோ."

"கிட்டப் போகக் கூடாது, சொல்லிட்டேன். அந்த விக்கல்தான் எனக்கு நாய்."

"நாய் வேணும்னா நாய் வாங்கிக்க. நோயாளிய எதுக்குக் காவலுக்கு வைக்கறே?"

"நாய் தூங்கும். இது தூங்காது."

மெக்கானிக் கிட்டப் போகவில்லை. கைதான் துறுதுறுவென்று இருந்தது.

*

சீசனின் முதல் பெரிய கிராக்கி ஒரு சைக்கிள் சங்கம். ஏரிக்கரை முகாம் மைதானத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள். முப்பது பேர், பதினைந்து கூடாரம். போன் சார்ஜ் போடவும், ஐஸ் பெட்டிகளுக்கும், சக்கரத்துக்குக் காற்றடிக்கவும் ஜெனரேட்டர் நாள் முழுக்க ஓட வேண்டும். சங்கத்தின் செயலாளர் கழுத்தில் எப்போதும் விசிலோடு திரியும் ஓர் அம்மாள். விசிலம்மா என்றால்தான் அவருக்கே தெரியும்.

"ஜெனரேட்டர் பத்திரமா இருக்குமா? போன வருஷம் இந்த மைதானத்துலதான் ஏதோ திருட்டுன்னு கேள்விப்பட்டேனே?" என்று விசிலம்மா கேட்டபோது, கூடாரக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அம்மா, இந்த வாட்டி நானே நேர்ல வந்து உக்காரப்போறேன். பூட்டு உடையாது."

சொன்னபடியே வந்தார். ஒரு சாக்கு நிறையப் பூட்டு, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. நடந்தால் குதிரைவண்டி வருவதுபோல் இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார். அடுப்புகளைப் பூட்டினார். நாற்காலிகளைச் சேர்த்துப் பூட்டினார். உட்கார வேண்டுமென்றால் எட்டுப் பேரும் சேர்ந்தே உட்கார்ந்து சேர்ந்தே எழுந்திருக்க வேண்டியிருந்தது.

"என்னங்க, புழுப் பெட்டிய மட்டும் விட்டுட்டீங்க?" என்று கேட்டார் மைதானத்துக் காவலாளி. வாசல் கேட்டைப் பார்த்துக்கொள்வதும், காலையில் புல் வெட்டுவதும், ஓய்ந்த நேரத்தில் ஏரியில் தூண்டில் போடுவதும் அவர் வேலை.

"புழுவை எவன் திருடுவான்?" என்றார் அண்ணன்.

"திருட வேணாங்க. கேட்டு வாங்கிக்கலாமேன்னுதான். நாலு புழு குடுத்தீங்கன்னா…"

"எல்லாம் தூங்குதுண்ணே, அப்புறமா," என்று கூடாரக்கா பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

இரைச்சல் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று ஜெனரேட்டரை நாற்பது ஐம்பது அடி தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். வண்டிகள் புல்லில் ஏறாமல் இருக்க அங்கே இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பங்கள் வரிசையாக நட்டிருந்தார்கள். அதில் ஒன்றில்தான் அண்ணன் சங்கிலியை வளைத்தார். இரண்டு ஆள் நீளச் சங்கிலி. ஒவ்வொரு வளையமும் கட்டைவிரல் பருமன். ஜெனரேட்டரின் சட்டத்துக்குள் நுழைத்து, கம்பத்தைச் சுற்றி, பெரிய பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, தட்டிக்கொடுத்தார்.

"இனிமே கடவுளே வந்தாலும் சாவி கேட்டுத்தான் ஆகணும்."

சனிக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து கூடாரக்கா ஒரு கூடாரத்தின் ஜிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கை நின்றது. டபடப சத்தம் கேட்டது, விக்கல் வரவில்லை. எண்ணினாள். நாற்பது. ஐம்பது. எண்பது. சுத்தமாக, வெண்ணெய்போல ஓடிக்கொண்டிருந்தது இன்ஜின்.

"ஐயோ! திருடன்! அது நம்ம ஜெனரேட்டர் இல்லை!"

ஊசியும் நூலுமாக அவள் ஓட, விசிலம்மா விசிலை ஊத, முப்பது சைக்கிள்காரர்களும் பின்னால் ஓடினார்கள். எட்டு பேருக்கு மட்டும் நாற்காலியோடு கொஞ்சம் தாமதமாயிற்று.

புதருக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருந்தது. சங்கிலி இருந்தது. பூட்டு இருந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு, கையெல்லாம் கிரீஸும் முகமெல்லாம் சிரிப்புமாக மெக்கானிக்கும் இருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்! கடுகளவு தூசி, அவ்ளோதான். இனிமே ஜென்மத்துக்கும் விக்காது. சும்மா உனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு…"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விசிலம்மாவுக்குச் சிரிப்பில் விசிலே ஊதிக்கொண்டது. அண்ணன் சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகத் தலையை ஆட்டினார்.

"ஜெனரேட்டர் இருக்கறப்பவே காணோம்னு கத்தறே. நாளைக்கு நிஜமாவே போனா யாரும்மா நம்புவா? பேசாம சாவி வெட்ட வா."

எல்லோரும் கலைந்த பிறகு கூடாரக்கா கணவரைப் பார்த்த பார்வையில் கிரீஸே உருகியிருக்கும்.

"அந்தத் தூசியை எங்கே போட்டீங்க?"

"எதுக்கு?"

"திரும்ப வைங்க."

மெக்கானிக் அதிர்ந்துபோனார். "என்னம்மா பேசறே? இருபத்திரெண்டு வருஷமா இன்ஜின் பாக்கறேன். நல்லா ஓடறதைக் கெடுத்ததா சரித்திரமே இல்லை. வெளியில தெரிஞ்சா எவன் எங்கிட்ட வண்டி விடுவான்?"

"உங்க சரித்திரம் முக்கியமா, என் கடை முக்கியமா? அண்ணன் சொன்னதைக் கேட்டீங்கல்ல? எங்கிட்ட இருந்த ஒரே நாயை வைத்தியம் பாத்தே கொன்னுட்டீங்களே!"

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தார்.

ஓர் இன்ஜினைச் சரிசெய்வதைவிட, அளவாகக் கெடுப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. முதலில் அது விக்கவே மறுத்தது. அப்புறம் மூச்சுக்கு மூச்சு விக்கியது. ஒரு தடவை ஊளையிட்டது. அவர் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்புவதும், அவள் கண்ணை மூடி எண்ணுவதும், "இது இருபத்தஞ்சுக்கே வருது," "இது இருமல், விக்கல் இல்லை," என்று திருப்பி அனுப்புவதுமாக மூன்று மணி நேரம் ஓடியது. வெயில் தாழ்ந்த சமயத்தில்தான் நாற்பது வந்தது. க்குக், க்குக்.

"ரெண்டு விக்குதே?"

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு இலவசம். இதுக்கு மேல என்னால பாவம் பண்ண முடியாதும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, போனாப் போகுது," என்று அவர் மூக்கில் ஒட்டியிருந்த கிரீஸை முந்தானையால் துடைத்தாள்.

*

ஞாயிறு மதியம் சைக்கிள்காரர்களில் பாதிப் பேர் ஏரியில் நீந்திக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் பாத்திரங்களை அலசிக்கொண்டிருந்தார்கள். அவள் தேய்க்க, அவர் கழுவிக் கவிழ்க்க. அண்ணன் பூட்டிய நாற்காலி வரிசையின் ஓரத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

கூடாரக்காவின் கை நின்றது.

டபடபடப. சத்தம் இருக்கிறது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் இருக்கிறது. எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஐம்பது. அறுபது. விக்கல் இல்லை.

"அண்ணா, விக்கல் நின்னுபோச்சு."

அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "மாப்பிள்ளை மறுபடியும் கைய வெச்சிருப்பாரு. போய்ப் படு."

"அவர் கை இங்கே இருக்கே அண்ணா!"

மெக்கானிக் சோப்பு நுரை வழியும் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது ஜெனரேட்டர் இன்ஜினே இல்லை மச்சான். புல் வெட்டற மெஷின்!"

அண்ணனின் மற்றக் கண்ணும் திறந்துகொண்டது. மூன்று பேரும் ஓடினார்கள்.

புதருக்குப் பின்னால், ஜெனரேட்டர் இருந்த இடத்தில், ஒரு புல் வெட்டும் மெஷின் தன்னந்தனியாக நின்று டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால் ஆள் வருவார்கள் என்று கணக்குப் போட்ட திருடன், பதிலுக்கு ஒரு சத்தத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கம்பம் நட்டது நட்டபடி இருந்தது. சங்கிலி இல்லை, பூட்டும் இல்லை.

அண்ணன் கம்பத்தைத் தடவிப் பார்த்தார். இடுப்பு உயரக் கம்பம். மேலே தடுக்க ஒரு கொண்டைகூடக் கிடையாது.

"சங்கிலிய அப்படியே தலைவழியாக் கழட்டிட்டான்," என்றார் மெக்கானிக் மெதுவாக. "சட்டை கழட்டற மாதிரி."

"என் பூட்டு உடைய…" என்று ஆரம்பித்த அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல் முடிந்து மண்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் இரண்டு சக்கரத் தடம். அவற்றுக்கு நடுவே, பாம்பு போனதுபோல நெளிந்து நெளிந்து மூன்றாவதாக ஒரு தடம்.

"அண்ணா! உங்க சங்கிலி! இழுத்துக்கிட்டே போயிருக்கான்!"

தடம் வண்டி நிறுத்தும் இடத்தில் முடிந்தது. அங்கிருந்து வாசல் வரை தார்ச்சாலை. ஆனால் தடம் முடிந்த இடத்தில் சத்தம் ஆரம்பித்தது: கரகர, கரகர. கேட்டை நோக்கி ஒரு சின்ன வேன் போய்க்கொண்டிருந்தது. மூடிய பின்கதவின் இடுக்கிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு இரும்புச் சங்கிலி வால்போலத் தொங்கித் தரையைத் தேய்த்துக்கொண்டே போனது.

கூடாரக்கா கத்திய கத்தலில் ஏரியில் நீந்தியவர்கள்கூடத் தலையைத் தூக்கினார்கள். விசிலம்மா காரணம் கேட்காமல் முதலில் விசிலை ஊதினார். ஆனால் வேனை நிறுத்தியது அவர்கள் யாருமில்லை. கேட்டில் நின்ற காவலாளி, குறுக்குக் கம்பை இறக்கியபடியே வைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடு கையைக் காட்டினார்.

"சார், பின்னால ஏதோ தொங்குது. விழுந்துரப்போகுது, பாத்துக்குங்க."

வேனை ஓட்டியவன் இறங்குவதற்குள் பின்னால் பத்துப் பதினைந்து சைக்கிள்கள் வந்து நின்றுவிட்டன. மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். திருடன் என்று சட்டையிலா எழுதியிருக்கும்? அவன் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே ஜெனரேட்டர், சங்கிலி, பூட்டு.

"என் ஜெனரேட்டர், என் சங்கிலி. இதுக்கு எதுக்குங்க இவ்ளோ கூட்டம்?"

"அடப்பாவி! அது என் கடைப் பூட்டு!" என்று பாய்ந்தார் அண்ணன்.

"பூட்டு ஊரெல்லாம் விக்கறதுதானே. உங்களுதுன்னா சாவி போட்டுத் திறங்க பாக்கலாம்."

"இதோ!" அண்ணன் கொத்தை உருவினார். பூட்டைத் திருப்பிச் சாவியை நுழைத்தார். பாதிதான் போனது. ஊதினார். தட்டினார். மறுபடி நுழைத்தார். மண்பாதை நெடுக இழுபட்டதில் சாவித் துவாரம் முழுக்க மண்ணும் பொடிக்கல்லும் அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணனின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. முப்பது வருஷமாக எவனாலும் உடைக்க முடியாத பூட்டு, சொந்த முதலாளிக்கே கதவைச் சாத்திவிட்டது.

"பாத்தீங்களா?" என்றான் வேன்காரன். "கேட்டைத் திறங்க, நேரமாவுது."

காவலாளி தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அக்கா, வேற ஏதாச்சும் அடையாளம் இருக்கா? பேர், நம்பர் ஏதாவது?"

கூடாரக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். பெயின்ட் இல்லை, நம்பர் இல்லை, கீறல் இல்லை. பளபளவென்று, யாருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு ஜெனரேட்டர். இது இந்த கேட்டைத் தாண்டினால் திங்கட்கிழமை அந்தத் தடுப்புப் பலகை இருக்காது.

அவள் வேன்காரன் பக்கம் திரும்பினாள். குரல் மட்டும் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"உங்களுதுங்களா? எத்தனை நாளா வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப இதோட பழக்கவழக்கமெல்லாம் உங்களுக்கு அத்துப்படியா இருக்குமே. ஓடும்போது ஏதாச்சும் கோளாறு உண்டா?"

"கோளாறா? என் கையில இருக்கற மெஷின்ல கோளாறா? வெண்ணெய் மாதிரி ஓடும்."

"அண்ணே," என்றாள் காவலாளியிடம், "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. நாப்பது எண்ணுங்க. ரெண்டு தடவை விக்கும். விக்கலைன்னா அவரே கொண்டுபோகட்டும், நான் ஒரு வார்த்தை பேசலை."

அண்ணன் பதறிப்போய், "ஏய், என்ன பந்தயம் இது?" என்று அவள் தோளைப் பிடித்தார். அதைவிட அதிகமாகப் பதறியது மெக்கானிக். நேற்று மூன்று மணி நேரம் பாடுபட்டு வைத்த கோளாறு, வேனில் ஏற்றிக் குலுக்கியதில் தானாகவே சரியாகிப்போயிருந்தால்? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் இன்ஜின் ஒழுங்காக ஓடிவிடக் கூடாதே என்று அவர் வேண்டிக்கொண்டார்.

வேனிலிருந்து ஜெனரேட்டரை இறக்கி வைத்தார்கள். காவலாளி கயிற்றை இழுத்தார். ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொண்டது. டபடபடப.

"ஒண்ணு, ரெண்டு, மூணு…" காவலாளி ஆரம்பிக்க, பத்துக்குள் மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. இருபது. ஏரியிலிருந்து வந்தவர்கள் சொட்டச் சொட்ட நின்று எண்ணினார்கள். முப்பது. வேன்காரன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

"நாப்பது!"

டபடபடப.

"நாப்பத்தி ஒண்ணு…" குரல்கள் தயங்கின. மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நாப்பத்தி ரெண்…"

க்குக்.

காவலாளி ஒரு விரலை மடக்கினார்.

க்குக்.

விசிலம்மா ஊதிய விசிலில் மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிவிட்டது. யாரோ மெக்கானிக்கைத் தூக்கினார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டபடியே தூக்கப்பட்டார். அந்தச் சமயத்தில், புதர்ப்பக்கம் போயிருந்த ஒரு சைக்கிள்காரர் அந்தப் புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இது யாரோடதுங்க? அங்கே அனாதையா ஓடிக்கிட்டிருந்தது."

காவலாளி அதைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அப்புறம் வேன்காரனை நிமிர்ந்து பார்த்தார்.

"அட, இது என் மெஷின்யா! காலையில வெட்டிட்டு ஷெட்ல விட்டேன். என் பொருளை வெச்சே என் கேட்டைத் தாண்டப் பாத்தியா நீ? அதுலயும் நான் உனக்கு 'சார்'னு மரியாதை வேற குடுத்தேன்!"

வேன்காரனின் சிரிப்பு அத்தோடு சரி. முப்பது சைக்கிள் சுற்றி நிற்கும்போது ஓடவும் வழியில்லை. போலீஸ் வரும்வரை அவனை உட்காரவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சேர்த்துப் பூட்டிய எட்டு நாற்காலிகளின் நடுவே உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஏழு பேர் உட்கார்ந்துகொண்டார்கள்.

சாயங்காலம், கூடாரங்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றும் நேரத்தில் ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. பூட்டு. சாவி கடைசிவரை இறங்கவில்லை. மெக்கானிக் இரும்பு ரம்பத்தை எடுத்து அறுக்க உட்கார்ந்தார். ஒரு பிளேடு போனது. இரண்டாவது போனது. மூன்றாவது உடைந்தபோது அவர் நிமிர்ந்து, "முடியலை மச்சான்," என்றார்.

அண்ணன் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. தங்கை பக்கம் திரும்பினார்.

"பாத்தியா?"

"பாத்தேன் அண்ணா."

"ஒரு கீறல்கூட இல்லை."

"ஒரு கீறல்கூட இல்லை. தடுப்பை எடுக்கறீங்களா?"

அண்ணன் சாக்கிலிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"தடுப்பு எதுக்கு எடுக்கணும்? அது அப்பா காலத்துல போட்டது. இருக்கட்டும். நாளைக்கு முதல் வேலையா இந்த ஜெனரேட்டருக்கு ஊதாவும் மஞ்சளும் அடி. நம்பரும் செதுக்கு, எவ்ளோ ஆழமா வேணும்னாலும் செதுக்கு." கொஞ்சம் தள்ளி நின்ற மைத்துனரைக் கிட்டே வரச்சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளை, நம்ம கடை ஷட்டர் இருக்குல்ல? சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போகுது. அதுக்கும் ஒரு விக்கல் வெச்சுக் குடுக்க முடியுமா?"

"ஐயோ மச்சான், என்னை விட்டுருங்க!"

சங்கிலி வால் தொங்க, பூட்டு ஆட, ஜெனரேட்டரை அப்படியே வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாகப் புழுப் பெட்டியைத் தூக்க வந்தபோது காவலாளி தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இப்பவாவது முழிச்சுதா?"

கூடாரக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மூடியை விரலளவு திறந்து காட்டினாள். உள்ளே வரிசையாகப் படுத்திருந்த விளக்குகளைப் பார்த்துக் காவலாளியின் வாய் பிளந்தது.

"யார்கிட்டயும் சொல்லிராதீங்கண்ணே," என்று மூடியை மூடினாள். "குலுக்காம ஏத்துங்க."